கொதிக்க வைத்த குழாய்

பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம் அது. வேலை செய்தால் சோதனைக் குழாய் மஞ்சளாகும். கொதிக்க வைத்தால் செத்துப்போகும். கொதிக்க வைத்த குழாய் நிறமில்லாமல் இருக்க வேண்டும். மூன்று நாளாக அதுதான் முதலில் மஞ்சளாகிறது.

"பூஜ்யம்னு எழுதிடும்மா," என்றார் ஆய்வகத் தலைவர்.

"கண்ணால பாத்ததைத்தான் சார் எழுதுவேன்."

"செத்தது எப்படி வேலை செய்யும்? நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலா?"

அவரே கொதிக்க வைத்தார். மஞ்சள். கொட்டிக் கழுவி, குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தார். என் நோட்டில் தன் கையாலேயே பூஜ்யம் போட்டார். அதை அடித்துவிட்டு, மஞ்சளின் அளவை எழுதினேன்.

"நாளையிலிருந்து வராதே."

மறுநாள் முதல் ஆளாக வந்தேன். குழாய் கவிழ்த்தபடியே இருந்தது. உள்ளே பாதிவரை மஞ்சள். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.

அவர் வந்ததும் பேனாவை நீட்டினேன்.

"இப்ப போடுங்க சார், பூஜ்யம்."