இடம் மாறிய அட்டைகள்

“ஓட விடுங்க சார், எல்லாரும் பாக்கட்டும்” என்றாள் மாத்திரையக்கா.

மருந்துக்கடை முதலாளி கேமராப் பதிவை ஓடவிட்டார். சுவரோரம் நின்ற பில் போடுகிறவளின் முகத்தில் ஈயாடவில்லை.

குட்டு உடையப் போகிறதல்லவா என்று மாத்திரையக்கா நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதமாக இதே தலைவலி. மாத்திரை அட்டை ஒன்று காணாமல் போகும்; பிறகு பார்த்தால் வேறு தட்டில் உட்கார்ந்திருக்கும். சர்க்கரை மாத்திரை இருக்கும் இடத்தில் தூக்க மாத்திரை. அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் ஓர் உயிர் போகும். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கடையில் மருந்து எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்த பேரும் கூடவே போகும்.

யாரோ குழி பறிக்கிறார்கள். யாரென்றும் தெரியும். மாத்திரையக்கா, கொக்கியில் மாட்டிய தன் வெள்ளைக் கோட்டைப் பில் போடுகிறவள் துழாவுவதை இரண்டு தடவை பார்த்துவிட்டாள். கேட்டதற்குத் தூசி தட்டினேன் என்று மழுப்பல்.

இந்தக் கவலையில் இடது தோள்கூடக் கட்டையாகிவிட்டது. அந்தக் கையை எந்நேரமும் கோட்டுப் பையில் செருகி வைத்துத்தான் வேலை பார்க்கிறாள்.

திரையில் அவளே தெரிந்தாள். ஒரு பெரியவரிடம் சிரித்துப் பேசியபடி வலது கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

இடது கை பையிலிருந்து மெல்ல மேலெழுந்தது. தட்டைத் தடவியது. கிடைத்த அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது.

திரையிலிருந்தவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எழுதி முடித்து, வலது கையால் அந்தக் கையைப் பழையபடி பைக்குள் தள்ளினாள். அட்டையோடு.

“அது என் கை இல்ல சார்.”

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாள் பில் போடுகிறவளை அவள் பார்த்த பார்வை அது.

பதிவில் மதியம் வந்தது. பில் போடுகிறவள் கொக்கியில் மாட்டிய கோட்டின் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் திகைத்தாள். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, கைக்கு எட்டிய தட்டில் வைத்தாள்.

“நீங்கதான் எடுக்கறீங்கன்னு நெனச்சேன்க்கா. உங்க வேலை போயிடக் கூடாதேன்னுதான்...”

உடம்பின் ஒரே பக்கத்தைப் பிடித்து, கையைத் தன்னிஷ்டத்துக்கு இயங்க வைக்கும் நடுக்குவாதம் போன்ற நோய், அபூர்வமானது என்று நரம்பு மருத்துவர் சொல்ல இன்னும் நான்கு மாதம் ஆகும்.

அப்போதைக்கு, மாத்திரையக்காவின் இடது கை பில் போடுகிறவளின் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. விடச் சொல்லி உள்ளுக்குள் எவ்வளவு அதட்டியும் அது விடவில்லை.

வலிக்குமே என்று பதறி, வலது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க ஆரம்பித்தாள். பில் போடுகிறவள் மட்டும் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.