நீச்சல் வாத்தியார்

"பரீட்சைக் கட்டணத்தை நான் கட்டுறேன்டா," என்றான் என் அறைத்தோழன் பூசணி.

"சும்மா வர்ற காசு வேணாம்."

"கட்டலைன்னா எழுத விடமாட்டாங்க, ரோஷக்காரா! சரி, எனக்கு நீச்சல் சொல்லிக்குடு. ஃபீஸ் தர்றேன்."

அதற்குச் சம்மதித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். மாலைதோறும் கல்லூரி நீச்சல் குளத்தில் வகுப்பு நடந்தது. இடுப்பளவுத் தண்ணீரிலேயே பூசணி அலறுவான்.

"காலை உதைடா!"

"உதைச்சா முழுகுறேனே, மச்சான்!"

ஒரு மாதத்தில் அவன் கற்றது குளத்துத் தண்ணீரைக் குடிக்க மட்டும்தான். இருந்தும் பேசிய ஃபீஸைக் கொடுத்தான். கூச்சத்தோடு வாங்கிக் கட்டணத்தைக் கட்டினேன்.

மறுநாள், ஆழமான பக்கத்தில் நீந்திக் காட்டும்போது என் காலில் தசை பிடித்துக்கொண்டது. கரையில் பூசணி மட்டும்தான் நின்றான். 'இவனை நம்பியா?' என்று நினைத்தபடியே மூழ்கினேன்.

தொபுக்கென்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் நான் கரையில் கிடந்தேன். பக்கத்தில் பூசணி, மூச்சுகூட வாங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அடப்பாவி, உனக்கு நீச்சல் தெரியுமா?"

"ஸ்கூல் சாம்பியன்டா."

"அப்ப அந்த ஃபீஸைத் திருப்பித் தரணுமே!"

"நாளையிலேர்ந்து நான் உனக்குச் சொல்லித்தர்றேன். வேலைக்குப் போனதும் ஃபீஸ் குடு, ரோஷக்காரா!"