மாலை மட்டும் போதும்

“மாலையை மட்டும் குடுங்க அக்கா, போதும். மலையை நீங்களே வெச்சுக்குங்க.”

கவுஸ் பாஷா இதைச் சொல்லிவிட்டு முகத்தை முடிந்தவரை அப்பாவியாக வைத்துக்கொண்டார். முப்பது வருஷம் பூ வியாபாரம் பார்த்த முகம். அதை அப்பாவியாக வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

எதிரே தீர்த்தம்மாள் முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தீர்த்தமலை அடிவாரத்தில் பக்தர்கள் தங்குவதற்கு நாலு ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறவள்.

“எந்த மாலை பாய்? நானா பூ வியாபாரம் பண்றேன்?”

“தந்தி விலாசம் அக்கா. உங்க வூட்டுக்காரர் தந்தி ஆபீசுல பதிஞ்சு வெச்சாரே.”

“அதுவா? அது மலையாச்சே! ரூம் வேணுங்கறவங்க ‘மலை, அரூர்’னு தந்தி அடிச்சாப் போதும், நேரா இங்க வந்துரும்னு அவரு வெச்சது. மவராசன் போயி ஆறு வருசமாச்சு. அவரு வெச்ச பேராச்சேன்னு வருசா வருசம் நானும் புதுப்பிச்சுட்டு வர்றேன். ஒரு தந்தி வந்ததில்ல. ரூம் வேணுங்கறவங்க மூட்டையோட வந்து எறங்கிடறாங்க.”

விஷயம் இதுதான். கவுஸ் பாஷாவுக்கு அரூரில் பூ மண்டி. பெங்களூர் சேட்டு தினமும் தந்தியில் விலை சொன்னால்தான் இங்கே பூவை பஸ்ஸில் ஏற்ற முடியும். தந்திக்கோ வார்த்தைக்கு வார்த்தை காசு. பாஷாவின் முழு விலாசம் பதினோரு வார்த்தை, விலை ஒரே வார்த்தை. ‘சின்னதா ஒரு பேரு பதிஞ்சுக்கோ, இல்லாட்டி ஓசூர்க்காரன்கிட்ட வாங்கிக்கறேன்’ என்று சேட்டு கறாராகச் சொல்லிவிட்டார். பாஷா ‘மாலை’ என்று தீர்மானித்து, பெருமை தாங்காமல் ஆயிரம் லெட்டர்பேடு அச்சடித்து, சேட்டுக்கும் ஒன்று அனுப்பிவிட்டுத்தான் தந்தி ஆபீசுக்கே போனார். அந்தப் பேர் தீர்த்தம்மாளிடம் இருக்கிறது என்று குமாஸ்தா சொன்னதும் மனுஷனுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

ஏனென்றால் தந்தி போவது இங்கிலீஷில். மலைக்கும் அதே எம், ஏ, எல், ஏ, ஐ. மாலைக்கும் அதே எம், ஏ, எல், ஏ, ஐ.

புருஷன் வைத்த பேரை அந்த அம்மாள் சுலபத்தில் விடுவாளா? பாஷா பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு யோசனையோடு இன்று பஸ் ஏறி வந்துவிட்டார். ஆயுத பூஜைக்கு இன்னும் ஒன்பதே நாள். பேர் கிடைக்காவிட்டால் பண்டிகைப் பூவெல்லாம் மண்டியிலேயே கிடந்து அழுகும்.

“நீட்டிச் சொன்னா மாலை, குறுக்கிச் சொன்னா மலை. அந்த நீட்டற பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கறேன் அக்கா.”

“அப்படி ஒரு பக்கம் என்கிட்ட இருக்குதா?”

“பதியும்போதே கூடச் சேர்ந்து வந்திருக்குது. அண்ணன் உங்ககிட்ட சொல்லல போல.”

“எதைத்தான் சொன்னாரு அந்த மனுசன்!” தீர்த்தம்மாள் ஒரு கொட்டையைத் தூர எறிந்தாள். “மாலையை எடுத்தா மலைக்கு ஒண்ணும் சேதாரம் ஆவாதே?”

“ஒரு கல்லு அசையாது அக்கா.”

“நாளைக்கு எவனாச்சும் ரூம் கேட்டு மலைக்குத் தந்தி அடிச்சா?”

“பஸ் புடிச்சு நானே கொண்டாந்து குடுக்கறேன். போதுமா?”

தீர்த்தம்மாள் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மலையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

“காசு வேணாம் பாய். வர்ற ஐப்பசியில எம் பொண்ணு பாஞ்சாலிக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளைக்கு மாலை, மணவறை ஜோடனை, வர்ற பொம்பளைங்க தலைக்குப் பூ, எல்லாம் உங்களுது.”

“செஞ்சுடலாம் அக்கா! மாப்பிள்ளை வர்ற காருக்கும் சேர்த்து வெக்கறேன்!”

அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினார்கள். பாஷா அவளுக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்து, டிக்கெட்டும் எடுத்தார். பாவம், ஒன்றும் தெரியாத பொம்பளையை இப்படி ஏமாற்றுகிறோமே என்று மனசு கொஞ்சம் குத்தத்தான் செய்தது. கல்யாண வாசலுக்கு வாழைமரமும் நம் செலவு என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டார். குத்தல் நின்றுவிட்டது.

தந்தி ஆபீஸ் குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார்.

“என்னம்மா, மறுபடியும் வந்துட்டீங்க?”

“மறுபடியுமா?” என்றார் பாஷா.

குமாஸ்தா ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். “எம், ஏ, எல், ஏ, ஐ. போன புதன்கெழமையே கை மாறிடுச்சு பாய். இந்தம்மாதான் வந்து கையெழுத்துப் போட்டாங்க. இப்ப இது கடைத்தெருவுல குடைக்கடை வெச்சிருக்கிற கிருஷ்ணப்பன் பேர்ல இருக்குது.”

சேட்டு, ஓசூர்க்காரன், ஆயிரம் லெட்டர்பேடு எல்லாம் வரிசையாகப் பாஷாவின் கண் முன்னால் வந்து நின்றன.

“யா அல்லா! என் வயித்துல அடிச்சிட்டீங்களே அக்கா! வித்த பேரையா திருப்பி என்கிட்ட வித்தீங்க?”

தீர்த்தம்மாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“வார்த்தையை அளந்து பேசுங்க பாய்! ஒருத்தரை ஏமாத்தற வளர்ப்பு எங்க வூட்டுல கெடையாது. உங்க மாலை அலுங்காம அப்படியே இருக்குது, மலை என்கிட்ட இருக்குது. கிருஷ்ணப்பன் வந்து கெஞ்சினாரேன்னு அவருக்கு நான் குடுத்தது வெறும் மழை!”