ஆறு பேர் மேஜை

பாதி மூச்சை விட்டாள். மீதியை நெஞ்சுக்குள் நிறுத்திக்கொண்டாள்.

துப்பாக்கியின் ஸ்கோப்புக்குள் கறுப்பு வட்டம். அதன் நடுவே ஒரே ஓட்டை. சுண்டைக்காய் அளவு. நான்கு தோட்டாக்களும் அதன் வழியாகத்தான் போயிருந்தன.

இன்னும் ஒரு தோட்டா. இன்னும் ஒரு நிமிடம் பத்து விநாடி.

இதுவும் அங்கேயே போய் விழுந்தால் கோயம்புத்தூரிலிருந்து மாநிலப் போட்டிக்குப் போவது இவள்தான். அறுபது தாண்டியவர்கள் பிரிவில்.

விரல் விசையைத் தொட்டது.

கறுப்பு வட்டம் நடுங்கியது.

நடுங்கியது கை இல்லை. கை கல்லு மாதிரி கிடந்தது.

மேஜை.

உர்ர்ர்.

நின்றது.

மறுபடி உர்ர்ர்.

வலது ஓரத்தில், மடித்த துண்டுக்கு அடியில், போன்.

"செல்போன ஆஃப் பண்ணிட்டீங்கல்லங்க மேடம்?" காலையில் எல்லாரையும் கேட்டது போலவே அவளையும் கேட்டிருந்தார் மாரப்பன். பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர். இப்போது இந்த கிளப்பில் சுடுதளத்துக்கு அவர்தான் ராஜா, மந்திரி எல்லாம்.

"பண்ணிட்டேங்க."

சத்தத்தை மட்டும்தான் அணைத்திருந்தாள்.

சுடும் வரிசையில் போனைத் தொட்டால் நோட்டில் பேரை அடித்துவிடுவார். போன மாதம் ஒரு டாக்டர் பேரையே அடித்தார்.

கண்ணை ஒரு நொடி திருப்பினாள். அதிர்ந்து அதிர்ந்து துண்டு விலகியிருந்தது. திரையில் பேர்.

திலீபன்.

கனடாவிலிருந்து அவன் குரல் வந்து இருபத்து மூன்று நாள். இவள் கூப்பிட்டால் எடுக்க மாட்டான். 'மீட்டிங்மா' என்று ஒரு வரி வரும். அவனாகக் கூப்பிடும்போது எடுத்தால்தான் உண்டு.

உர்ர்ர்.

தேக்கு மேஜை. அதிர்வை ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்து கன்னத்தில் வைத்தது.

துப்பாக்கியை வைத்துச் சுடும் பெஞ்சை அவரவர்தான் செய்து கொண்டுவர வேண்டும். கிளப்பின் வழக்கம் அது. மற்றவர்கள் மரக்கடைக்குப் போனார்கள். அவள் வீட்டுக்குள்ளேயே பார்த்தாள்.

"ஆறு பேரு உக்காந்து திங்கற டேபிளுங்கம்மா. எனக்குக் கை வரலீங்க" என்று ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார் ஆசாரி.

முதல் அறுப்பை அவளே அறுத்தாள்.

நெஞ்சு பதிய ஒரு பிறைவெட்டு. கால் மூன்றே மூன்று. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. இடது முழங்கை வரும் மூலையில் மட்டும் இழைப்புளி படக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அங்கே சின்னச் சின்ன ஓட்டைகள். ஏழாம் வகுப்பில், கணக்கு வராத கோபத்தில், காம்பஸ் முனையால் அவன் குத்தியது. அன்றைக்கு முதுகில் இரண்டு வைத்தாள்.

உர்ர்ர்.

இன்னும் ஐம்பது விநாடி.

எண்ணினாள். அதிர்வுக்கும் அதிர்வுக்கும் நடுவே ஒரு இடைவெளி. ஒன்று, இரண்டு. அவ்வளவுதான்.

இரண்டு நாடித் துடிப்புக்கு நடுவில் சுடத் தெரிந்தவளுக்கு அது தாராளம்.

உர்ர்ர்.

ஒன்று.

சுட்டாள்.

ஐம்பது மீட்டருக்கு அப்பால் அட்டை லேசாகத் தலையசைத்தது. போல்ட்டைத் திறந்தாள். காலி உறை துள்ளி விழுந்தது. துப்பாக்கி காலி என்று காட்டும் மஞ்சள் பாதுகாப்புக் குச்சியைச் செருகினாள். எல்லாம் முறைப்படி.

மாரப்பன் விசில் ஊத இன்னும் நாற்பது விநாடி இருந்தது. அதுவரை எழக்கூடாது. எதையும் எடுக்கக்கூடாது.

உர்ர்ர்.

அதற்கு மேல் அது அடிக்காது. அவளுக்குத் தெரியும்.

எடுத்துவிட்டாள்.

"சொல்லுப்பா."

வரிசையில் இருந்த தலைகள் திரும்பின. மாரப்பன் காதிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டு நடந்து வந்தார்.

"அம்மாவா?" தூக்கக் கலக்கத்தில் குரல். "அய்யோ, கை பட்டுருச்சும்மா. இங்க நடுராத்திரி. அப்பறம் கூப்புடறேன், என்ன?"

துண்டித்துவிட்டான்.

மாரப்பன் வந்துவிட்டார். முக்காலியில் நின்ற தொலைநோக்கியில் கண்ணை வைத்து அட்டையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அஞ்சும் ஒரே ஓட்டைங்க மேடம்." கண்ணை எடுத்து நிமிர்ந்தார். "இப்படிப் பண்ணிட்டீங்களே."

அவள் காதிலிருந்து போனை இறக்கவில்லை.

"பையனுங்களா?"

தலையாட்டினாள்.

நோட்டை விரித்தார். அவள் பேர் இருந்த வரிமேல் பென்சில் போய் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார்.

"நீங்க பேசி முடிங்க. வெளிநாட்டுப் போனு, பாவம். அப்பறமா அடிச்சுக்கறேன்."

தள்ளிப் போகாமல், மரியாதைக்கு முதுகை மட்டும் திருப்பிக்கொண்டு நின்றார்.

இடது கை விரல்கள் மேஜையில் அந்த ஓட்டைகளைத் தேடிப் பிடித்தன.

"ம். சாப்ட்டேன்பா," என்றாள், செத்துப்போன போனிடம். "டேபிள்லதான் உக்காந்திருக்கேன்."

கொஞ்ச நேரம் காதுகொடுத்தாள்.

"இல்லப்பா, ஒரு வேலையும் இல்ல. நீ பேசு."