நாலாவது படி

“மிஸ், ராஜபாண்டி அங்கிள் நெசமாவே ஆளுதானா? இல்ல, அவரே ஒரு ரோபோவா?”

போன் திரையில் பள்ளிப் பிள்ளைகள் கட்டம் கட்டமாகச் சிரித்தார்கள். ஒரு கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தது. அதில் முகம் இல்லை, ‘ராஜபாண்டி’ என்ற பெயர் மட்டும்.

அந்தக் கறுப்புக் கட்டத்துக்குப் பின்னால், வில்லாபுரத்து மாடிவீட்டில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மலையாண்டி. வயது அறுபத்தாறு. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர்.

“கிண்டல் வேணாம்,” என்றாள் பாடம் நடத்தும் பவதாரிணி மிஸ். “ராஜபாண்டி சார், சாப்பிட்டீங்களா?”

ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அவரிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி அது. மலையாண்டி ஒற்றை விரலால் தட்டினார்: ‘ஆச்சு மிஸ். மைக் இன்னும் ரிப்பேர்.’

வாரம் முழுக்க அவரிடம் அதைக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். மனைவி போய் எட்டு வருஷம். வீட்டில் ஏதாவது குரல் கேட்கட்டும் என்று, பார்க்காத டிவியை ஓடவிட்டுக்கொண்டு சமைப்பார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் போன பிறகும், மிஸ்ஸின் கட்டம் அணையும்வரை அவருடைய கட்டம் அணையாது.

புதிதாகக் கற்பவர்களுக்கான ரோபோ வகுப்பு. மொத்தம் ஆறு படி. பல்பை எரியவிடுவது, மோட்டாரைச் சுற்றவிடுவது, பொத்தானுக்குக் கட்டுப்படவைப்பது என்று மூன்று படிகளை போட்டோ அனுப்பியே தாண்டிவிட்டார். நாலாவது, தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தானே பார்த்துப் போகும் சின்ன வண்டி.

“அடுத்த வாரம் போட்டோ செல்லாது,” என்றாள் மிஸ். “கேமரா முன்னால உக்காந்து ஓட்டிக் காட்டணும். மூஞ்சி தெரியணும். இல்லேன்னா இந்த பேட்ச்ல தொடர முடியாது. புது ரூல்.”

‘வண்டியை மட்டும் காட்டலாமா?’ என்று தட்டினார்.

“செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியணும்ல சார்?”

வண்டி நாலே நாளில் தயாராகிவிட்டது. காலியான ஹாலில் கோட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. “நில்லு, வாரேன்,” என்று ஒருமுறை அதனிடம் சொல்லிவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். ஆனால் கேமரா?

கீழே மொபைல் கடை வைத்திருக்கும் ராஜபாண்டியிடம் போனார். போன வருஷம்தான் இந்தத் தெருவுக்கு வந்தவன். வகுப்பில் பதிவு செய்துகொடுத்ததும் அவன்தான். ‘எம்பேரு எதுக்கு, உன் பேரையே போடு’ என்று அன்றைக்கு மலையாண்டி பிடிவாதம் பிடித்திருந்தார்.

“எனக்குப் பதிலா நீ ஒரு பத்து நிமிசம் உக்காரணும்.”

“எங்கண்ணே? ரேசன் கடையிலயா?”

“கேமரா முன்னால.”

விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்தான். “முப்பது வருசம் கரண்டு போஸ்ட்டுல தொங்குன ஆளு, சின்னப் பிள்ளைக முன்னால உக்கார வெக்கப்படுறீகளாக்கும்? விட்டுத் தள்ளுங்கண்ணே. இதப் படிச்சு எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போகப்போறீக?”

“சனிக்கெழம இல்லேன்னா வாரத்துல எனக்கு ஒண்ணுமே இல்லப்பா.”

ராஜபாண்டி சிரிப்பை நிறுத்தினான். “அம்புட்டுத்தானே. வாரேன்.”

சனிக்கிழமை, ஹால் தரையில் ராஜபாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எதிரே முக்காலியில் சாய்த்து வைத்த போன். போனுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல், சுவரோடு ஒட்டி நின்றார் மலையாண்டி.

சொல்லிக்கொடுத்தபடி ராஜபாண்டி பொத்தானைத் தட்டினான். வண்டி கிளம்பியது. வளைவில் ஒரு கணம் தயங்கி, தலையைத் திருப்பி, மறுபடி கோட்டைப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“அங்கிள் ஆளுதான் மிஸ்,” என்றான் போன வாரம் கேட்ட பையன்.

மிஸ் கைதட்டவில்லை. “போனைக் கீழ கொண்டுபோயி, அந்தக் கறுப்பு டேப்பைக் கிட்டத்துல காட்டுங்க.”

காட்டிவிட்டு, போனை மறுபடி முக்காலியில் சாய்த்து வைத்தான்.

“ஒவ்வொரு துண்டுக்கும் முனையை மடிச்சு விட்டிருக்கீங்களே, எதுக்கு?”

ராஜபாண்டியின் கண் போனைத் தாண்டி மேலே போய் வந்தது. “அது… ஒரு அழகுக்குத்தான் மிஸ்.”

மலையாண்டி கண்ணை மூடிக்கொண்டார். ரப்பர் கையுறை போட்ட விரலுக்கு டேப்பின் முனை அகப்படாது. அதனால் ஒட்டும்போதே கடைசி அரை விரல் அளவை மடித்துவிடுவார். கம்பத்தில் வயருக்குச் சுற்றினாலும், வீட்டில் நோட்டுக்கு அட்டை போட்டாலும், கை தானாக மடித்துவிடும்.

“மத்தவங்க போகலாம். அடுத்த வாரம் பாப்போம்,” என்றாள் மிஸ்.

கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. இரண்டு மட்டும் மிஞ்சின. போனை அணைக்கும்படி மலையாண்டி அவசரமாகக் கையைக் காட்டினார். ராஜபாண்டி விரலை நீட்டினான்.

“வச்சிராதீங்கண்ணே,” என்றாள் அவள். “நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா மொதப் படி போட்டோவிலயே அந்த மடிப்பைப் பாத்துட்டேன். போனுக்குப் பின்னால நிக்கிற எங்கப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. என் கல்யாணத்தன்னைக்கு, ‘இனிமே என் மூஞ்சில முழிக்காத’ன்னு சொன்னது அவருதான், நான் சொல்லல. அஞ்சாவது படிக்கு அவரையே வந்து உக்காரச் சொல்லுங்க.”