கூலி கொடுக்காதவன்

உவைஸைப் பற்றி வஜ்தி சொன்னதை மூன்று வருஷமாக என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. பொய் என்று தள்ளவும் முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எகிப்தில் ஃபயூம் பக்கம் எங்கள் ஊர். நாற்பது வீடு. ஆளுக்கு அரை ஏக்கர், முக்கால் ஏக்கர். எல்லாம் சீமைச்சாமந்தி. பூவைப் பறித்துக் காயவைத்துக் கொடுத்தால், டீ போட ஜெர்மனிக்குப் போகும்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பருவத்தில், பூ வாங்குகிற கம்பெனியிலிருந்து ஹைக்கே என்றொரு பெண் வந்தாள். அவர்கள் நாட்டில் புதுச் சட்டமாம். பூ விளைகிற வயல்வரை வந்து, இங்கே யாரையும் கசக்கிப் பிழிந்து வேலை வாங்கவில்லை என்று கம்பெனி எழுதிக் காட்டவேண்டுமாம்.

அவளுக்கு அரபி தெரியாது. எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் வஜ்தி. விவசாயம் படித்தவன் என்பதால் எல்லோரும் அவனை இன்ஜினியர் என்போம்.

விசாரிக்க அவள் காட்டியது உவைஸ் வீட்டை. மூன்று பேரும் அரைமணி நேரம் உள்ளே இருந்தார்கள்.

மறுவாரம் பட்டியல் வந்தது. எல்லோர் பெயரும் சரி. உவைஸ் பெயருக்கு நேராக மட்டும்: 'கூலியில்லாமல் வேலை வாங்குகிறார். இவரிடம் வாங்கவேண்டாம்.'

டீக்கடையில் தஸூகி ஆரம்பித்துவிட்டார்.

"உவைஸ் பாஷா வர்றார்! அடிமைங்கல்லாம் எழுந்து நில்லுங்கப்பா!"

"கேட்டா. உள்ளதைச் சொன்னேன்" என்றான் உவைஸ்.

"உள்ளதா? நான் எத்தனை வருஷமா உன்கிட்ட அடிமையா இருக்கேன்னு என் பொண்டாட்டி கேக்குறா. என்ன சொல்லட்டும்?"

"உன் பொண்டாட்டிகிட்ட நீ அடிமையா இருக்கிறதைச் சொல்லு, அது போதும்."

கடையே சிரித்தது. உவைஸும் சிரித்தான். ஆனால் அவன் பூவை யாரும் வாங்கவில்லை.

இதில்தான் எனக்குக் குழப்பம். எங்கள் ஊரில் பூப்பறிக்க யாருமே கூலி கொடுப்பதில்லை. இன்றைக்கு உன் வயலில் நான், நாளைக்கு என் வயலில் நீ. ஸமாலா என்போம். பறித்து முடித்ததும் நெய் ரொட்டி, பழைய பாலாடைக்கட்டி, டீ. அந்த நேரத்தில் காசை நீட்டினால், 'இனி என் வாசலை மிதிக்காதே' என்று அர்த்தம்.

அப்படியென்றால் நாற்பது வீடும் குற்றவாளிதானே? அவன் பெயர் மட்டும் ஏன்?

இதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் பூ விற்றுக்கொண்டிருந்தது.

உவைஸின் பூ மூட்டையிலேயே பூசணம் பிடித்தது. ரமலான் முடிந்ததும் அலெக்ஸாந்திரியாவில் ஏதோ அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாகக் கிளம்பினான். நிலத்தை என்னிடம் குத்தகைக்கு விட்டான். வேனில் ஏற்றிவிடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அந்தப் பொண்ணுகிட்ட நம்ம ஊரைப் பத்தி எவ்வளவு பெருமையாப் பேசினேன் தெரியுமா? நாப்பது வீட்டுக்கும் ஒரே கை, ஒருத்தருக்கொருத்தர் பறிச்சுக் கொடுப்போம்னு சொன்னேன். அவளும் தலையாட்டி எழுதிக்கிட்டா. அப்புறம் ஏன் என் பேரை மட்டும் அடிச்சா?"

"அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்" என்றேன்.

அன்று மாலை வஜ்தியே என்னைத் தேடி வந்தான்.

"மாமா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அன்னிக்கு அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னாங்க. இது ஊர் வழக்கம்னா ஊர்ப் பூ மொத்தமும் வேண்டாம். ஒரு ஆளோட தப்புன்னா அந்த ஆளை மட்டும் எடுத்துடறோம்னு. எனக்குக் கைகால் ஓடலை. உவைஸ்தான் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, 'நான் ஒருத்தன்தான் கொடுக்கிறதில்லை. மத்தவங்க எல்லாம் ஒழுங்காக் கூலி கொடுக்கிறாங்க'ன்னுட்டான். நாப்பது வீட்டு ரொட்டியையும் காப்பாத்தினவன் அவன்தான், மாமா."

நான் அழுதுவிட்டேன். கருமி, ஓட்டைவாய் என்றெல்லாம் நாங்கள் ஏசிய மனிதனா இவன்! அன்றைய தொழுகையில் அவனுக்காகத் தனியாக வேண்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் வேனடியில் அவன் கேட்டது நினைவுக்கு வந்தது.

பெரிய மனசுக்காரன், தான் செய்ததை மறைக்கிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் உவைஸ் மறைக்கத் தெரிந்தவனா? ராத்திரி கண்ட கனவைக் காலையில் டீக்கடையில் ஒப்பிக்கிற ஆள்.

வஜ்தியைக் கேட்டிருக்கலாம். கேட்டு, பதில் வேறு மாதிரி வந்தால்? பட்டியலில் இருக்கிற என் பெயரை நான் என்ன செய்வது? அவன் நிலத்தில் பறிக்கிற பூவை என்ன செய்வது? மூன்று பருவம் இப்படியே ஓட்டினேன். நான் கோழையா, ஊரை நினைத்துப் பொறுத்தவனா என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் ஹைக்கே மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் காட்டியது என் வீட்டை.

பெஞ்சில் உட்கார்ந்தாள். டீயை ஒரு வாய் குடித்து, நன்றாயிருக்கிறது என்று கையாலேயே சொன்னாள். நல்ல பெண். நோட்டைத் திறந்து ஏதோ கேட்டாள்.

வஜ்தி என் பக்கம் திரும்பினான். "மாமா, உங்க வயல்ல கூலி இல்லாம யாராவது வேலை பார்க்கிறாங்களான்னு கேக்குறாங்க."

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவளைப் பார்த்துச் சிரித்தபடியே, அரபியில் அவனிடம் கேட்டேன்:

"வஜ்தி, 'நான் ஒருத்தன்தான்'னு அன்னிக்கு உவைஸ் அரபியில சொன்னானா, இல்ல நீ இங்கிலீஷ்ல சொன்னியா?"