காய்ச்சல் பார்த்த ராணி

பூங்கோதையின் மாயாஜால நாவலுக்கு அந்த ஆண்டின் துணிச்சல் விருது கிடைத்தது. "யார் மனமும் நோகாத துணிச்சல்!" என்று பதிப்பாளர் மேடையில் நெஞ்சை நிமிர்த்தினார். நோகாதது உண்மைதான். இப்போதெல்லாம் புத்தகங்கள் வாசிக்கிறவர் மனதுக்கு ஏற்றபடி தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

அம்மாவிடம் நேரில் சொல்ல வாய் வராமல்தான் அவள் அந்த நாவலையே எழுதினாள். பறக்கும் யாளியின் முதுகில் இரண்டு ராணிகள் முத்தமிட்டுக்கொள்ளும் ஏழாம் அத்தியாயம் வந்தால் அம்மாவுக்குப் புரிந்துவிடும் என்று நம்பினாள். விருதோடு ஈரோட்டு வீட்டில் நுழைந்தபோது அம்மா நாவலை முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா தங்கச்சின்னா இப்படியல்லோ இருக்கோணும் கண்ணு! அத்தனை உசரத்துல பறக்கறப்பவும் தங்கச்சி நெத்தியத் தொட்டுக் காய்ச்சல் பாக்கறா பாரு."

பூங்கோதை விருதைக் கீழே வைத்தாள். நேரிலேயே சொல்லிவிட்டாள்.

"அம்மா, அவங்க அக்கா தங்கச்சி இல்ல. காதலிக்கறாங்க. நானும் செண்பகாவும் மாதிரி."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். 'என் மனைவி செண்பகாவுக்கு' என்று பூங்கோதை எழுதியிருந்த பக்கம் அது.

"நீயே எழுதிப்போட்டு நீயே மாத்திப் பேசறயா? இதா பாரு, 'என் அறைத்தோழி செண்பகாவுக்கு'ன்னு போட்டிருக்குது," என்று அம்மா விரல் வைத்துக் காட்டினாள். "பாவம், அந்தப் புள்ளைக்கும் ஒரு நல்ல மாப்பிள்ளையாப் பாக்கச் சொல்லு."